மொட்டைமாடி யாருக்குப் பொது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் தளத்தில் இரண்டே வீடுகள். மொட்டைமாடியை இரு வீட்டாரும் பயன்படுத்துகிறோம். மாடியில் நீர் கசிவது பற்றி, வடமாநிலத்தில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் ‘தி டெரஸ் இஸ் மியூச்சுவல்’ என்று எழுதியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதை அடித்துவிட்டு ‘காமன்’ என்று திருத்தினாள். முகநூலில் இருவருக்கும் தெரிந்தவரை மியூச்சுவல் ஃப்ரெண்ட் என்கிறார்களே, நண்பருக்குப் பொருந்தும் சொல் மாடிக்கு ஏன் பொருந்தாது என்று கேட்டேன். அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. ஜாயிண்ட் என்று வேறொரு சொல்லும் இருக்கிறது. மூன்றையும் ‘இருவருக்கும் சேர்ந்த’ என்றே நான் புரிந்துகொள்கிறேன். விளக்க முடியுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் செய்த திருத்தம் சரியானது. அவரால் காரணம் சொல்ல முடியாமல் போனதில் வியப்பில்லை. ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதுபவர்களில் பலர் இந்த இடத்தில் காதை நம்பித்தான் எழுதுகிறார்கள்.

மியூச்சுவல் என்ற சொல்லின் மூலம் லத்தீனில் உள்ள ‘மூட்டுவஸ்’. கடனாகப் பெற்ற, ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற என்பவை அதன் பொருள்கள். மாற்றுதல் என்ற பொருளுடைய வினையோடு உறவுடையது. ரோமானியச் சட்டத்தில் ‘மூட்டுவம்’ என்றே ஒரு கடன் வகை இருந்தது. தானியம், எண்ணெய், பணம் போன்றவற்றை வாங்கிச் செலவழித்துவிட்டு, அதே பொருளையல்லாமல் அதே வகையில் அதே அளவைத் திருப்பித் தரும் கடன் அது. எதிர்வீட்டில் ஓர் உழக்கு அரிசி வாங்கிச் சமைத்துவிட்டு, மறுவாரம் நம் வீட்டு மூட்டையிலிருந்து ஓர் உழக்கு அளந்து கொடுக்கிறோமே, அதுதான். நாம் அதற்கு வைத்திருக்கும் கைமாற்று என்ற பெயரிலும் மாற்று என்ற சொல்லே இருப்பதைக் கவனியுங்கள். இந்தச் சொல்லைப் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கங்கள் எதையும்விட இந்த ஒப்புமையே எனக்கு நெடுநாளாகக் கைகொடுத்து வருகிறது. இங்கிருந்து அங்கே போனது அங்கிருந்து இங்கே திரும்ப வேண்டும், திரும்பினால் மியூச்சுவல்.

ஆகவே, நான் உங்களை மதிக்கிறேன், நீங்களும் என்னை மதிக்கிறீர்கள் என்றால் அது மியூச்சுவல் ரெஸ்பெக்ட். வெறுப்பானாலும் அப்படியே. நம் அகப்பாடல் மரபு ஒருபக்கக் காதலைக் கைக்கிளை என்று தனியே பிரித்து, இருவரிடமும் ஒத்து எழும் அன்பை ஐந்திணையில் வைத்தது. மியூச்சுவல் லவ் என்பது இந்த இரண்டாவதற்கு மட்டுமே பொருந்தும். இருவரும் ஒரே மூன்றாம் ஆளைக் காதலித்துத் தொலைத்தால், அது எவ்வளவு துயரமானதாக இருந்தாலும், மியூச்சுவல் ஆகாது. மொட்டைமாடியின் நிலையும் அதுவே. நீங்களும் எதிர்வீட்டாரும் அதில் துணி காயப்போடுகிறீர்கள்; ஆனால் மாடி உங்களிடமிருந்து அவர்களுக்கும் அவர்களிடமிருந்து உங்களுக்கும் போய்வருவதில்லை. அது அசையாமல் இருக்கிறது, இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. நம் பத்திரங்களில் பொதுச்சுவர், பொதுக்கிணறு, பொதுப்பாதை என்று எழுதுகிறோம்; பரஸ்பரச் சுவர் என்று எந்தப் பத்திர எழுத்தரும் எழுதமாட்டார்.

கடன் கொடுத்து வாங்குவதிலேயே இந்தச் சொல் நம் ஊரில் சட்டப்படி வாழ்கிறது. மயிலாப்பூரில் 1872இல் தொடங்கப்பட்ட நிதியைப் போன்ற ‘நிதி’ நிறுவனங்களை அறிந்திருப்பீர்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட நிதி விதிகள், உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்புத்தொகை பெற்று உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் தரும் இத்தகைய அமைப்பு அவர்களுடைய ‘மியூச்சுவல் பெனிஃபிட்’டுக்காக இயங்குவது என்று வரையறுக்கின்றன. ஒரு உறுப்பினரின் சேமிப்பு இன்னொருவரின் வீட்டுக்கடனாகிறது, அவர் கட்டும் வட்டி முதலாமவரிடம் திரும்புகிறது. இங்கே காமன் என்று போட்டிருந்தால் அந்தப் போக்குவரத்து மறைந்துபோயிருக்கும்.

இனி முகநூல் நண்பர். உங்கள் கேள்வி நியாயமானது. கறாராகப் பார்த்தால் அவர் காமன் ஃப்ரெண்டுதான். ஆனால் ஆங்கிலத்தில் காமன் என்பதற்குத் தரக்குறைவான, நயமற்ற என்ற பொருளும் உண்டு. ஒருவரை நண்பர் என்று அறிமுகப்படுத்தும்போதே அந்த வாடை அடிப்பதை விரும்பாதவர்கள் மியூச்சுவல் பக்கம் ஒதுங்கினார்கள். டிக்கன்ஸ் 1864-65இல் தொடராக வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே ‘மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ என்ற சொற்றொடர் இடம்பெற்றுவிட்டது. அதன் பிறகு இலக்கண ஆசிரியர்கள் எவ்வளவு முணுமுணுத்தும் பயனில்லை. ஆட்களைப் பொறுத்தவரை இந்த விலக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். பொருள்களுக்கு அதை நீட்டிக்க வேண்டாம்.

ஜாயிண்ட் என்பது இணைந்து செய்வதையும் இணைந்து பொறுப்பேற்பதையும் குறிக்கும். வங்கியில் ஜாயிண்ட் அக்கவுண்ட், வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டுப்பட்டா. மாடியை இரு வீட்டாரும் சேர்ந்து விலைக்கு வாங்கியிருந்தால் உரிமையை ஜாயிண்ட் ஓனர்ஷிப் எனலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. இரு சொற்களும் ஒரே வரியில் தத்தம் வேலையைச் செய்வதைக் காண வேண்டுமானால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், படிப்பதற்காக மட்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி கணவனும் மனைவியும் சேர்ந்து விவாகரத்து மனு கொடுக்கிறார்கள், ஆகவே மனு ஜாயிண்ட். அவள் விலக அவன் இசைகிறான், அவன் விலக அவள் இசைகிறாள், ஆகவே சம்மதம் மியூச்சுவல். இறுதி ஆணைக்கு முன் ஒருவர் மனம் மாறிவிட்டாலும் அந்த அடைமொழி உதிர்ந்துவிடுகிறது, மனுவும் நிற்பதில்லை.

உங்கள் மகளின் திருத்தத்தில் ஒரு சிறு குறை உண்டு. ‘தி டெரஸ் இஸ் காமன்’ என்று வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினால், மொட்டைமாடி எங்கும் காணப்படும் சாதாரண விஷயம் என்று படிப்பவர் பொருள் கொள்ளக்கூடும். காமன் பயனிலையாக வரும்போது பெரும்பாலும் அந்தப் பொருளையே தரும். ‘தி டெரஸ் இஸ் காமன் டு போத் ஹவுசஸ்’ என்று யாருக்குப் பொது என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எதிர்வீட்டாரும் அடியில் கையெழுத்திடுவதாக இருந்தால், அதை ஜாயிண்ட் லெட்டர் என்று தாராளமாகச் சொல்லலாம்.