தூணில் ஒளியும் பல்லி

வாசகி, கானாடுகாத்தான்: எங்கள் வளவின் தேக்குத் தூணில் பல்லி ஒட்டியிருப்பது கை வைக்கப்போகும் வரை தெரிவதில்லை. இலைவால் பல்லி என்பது இதுதானா?

பதில்: இல்லை, தங்கள் தூணில் இருப்பது சாதாரண வீட்டுப் பல்லிதான். யூரோபிளாட்டஸ் எனப்படும் இலைவால் பல்லிகள் மடகாஸ்கர் காடுகளுக்கே உரியவை. நிறத்தைக் காட்டிலும் நிழலை மறைப்பதில்தான் அவற்றின் சாமர்த்தியம் இருக்கிறது என்பேன்: பகலில் தலைகீழாக மரத்தில் ஒட்டி உறங்கும்போது, தாடையிலிருந்து விலா வரை ஓடும் தோல் விளிம்பைப் பட்டையோடு படிய விரித்துவிடுவதால், ஓரத்தில் நிழற்கோடு விழாமல், பல்லி மரத்தின் ஒரு புடைப்பாகவே தோன்றுகிறது. இன்னொரு சிற்றினத்தின் வாலோ, பூச்சி அரித்த சருகேதான். நடுநரம்பு கூட உண்டு. இமையற்ற கண்ணை நாக்கால் துடைக்கும் வழக்கத்தை மட்டும் தாங்கள் அந்தத் தேக்குத் தூணிலேயே பார்க்கலாம்.