தாதியர் மாணவர்களின் 'தொழில் அடையாளம்' என்பது என்ன? கொவிட் அதை ஏன் அசைத்தது?

'தாதிப் பயிற்சியில் இருக்கிறேன்' என்பவர் 'நான் தாதி' என்று உள்ளூர உணர்வதுதான் தொழில் அடையாளம். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் ஏறியதும் யாருக்கும் கொழுந்து பறிக்க வந்துவிடாது. விரல் பழக வேண்டும். இதுவும் அப்படித்தான். நோயாளியின் மணிக்கட்டில் நாடியை எண்ணும்போதும், மூத்த தாதி 'இந்தக் கட்டிலை நீயே பார்' என்று நம்பி விடும்போதும் அது ஊறுகிறது.

இலங்கையில் 2020 மார்ச் கொவிட் ஊரடங்கில் அந்தப் பழக்கம் அறுந்தது; வகுப்புகள் கைபேசிக்கு மாறின. மலையகப் பிள்ளைகளுக்கு வகுப்பறையே சிக்னல் கிடைக்கும் மேடாகிவிட்டது. (மழை வந்தால் அதுவும் இல்லை.) கைபேசியில் ஊசி போடப் பழக முடியுமா? தாதியரை ஊரே புகழ்ந்ததில் சிலருக்குப் பிடிப்பு கூடியது, சிலர் தொற்றுக்குப் பயந்து தயங்கினார்கள்.

பயந்தவர்கள் தொழிலுக்குப் பொருந்தாதவர்கள் என்பது தவறான எண்ணம்: ஒரே லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் சிறிய அறையில்) அப்பாயியோடு படுப்பவருக்குத் தொற்றுப் பயம் நியாயமானதே.