அரங்கேற்றமும் எல்சாட் மதிப்பெண்ணும்

வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கை

கேள்வி: என் மகள் அரசியல் அறிவியலில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.8, சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டில் 163 பெற்றிருக்கிறாள். பதினைந்து வயதில் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தவள். தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ், மருத்துவமனைத் தொண்டு, நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் கோடைக்காலப் பயிற்சி ஆகியனவும் உண்டு. மதிப்பெண்தான் எல்லாம், மற்றவை அலங்காரம் என்கிறார் உறவினர் ஒருவர். அப்படித்தானா?
- ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அம்மா, எந்தக் கல்லூரி என்பதைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும், அவ்வாண்டு சேர்ந்த மாணவர்களின் எல்சாட் மதிப்பெண்ணையும் ஜிபிஏவையும் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். எல்லாரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவரின் எண் எது, கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் எண் எது, முக்கால் பங்கில் நிற்பவரின் எண் எது என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். அந்த நடு எண் சரிந்தால் தரவரிசையில் கல்லூரியின் இடமும் சரியக்கூடும் என்பதால், சேர்க்கைக் குழுவினர் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கின்றனர். தங்கள் உறவினர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் நடு எண் என்பதன் பொருளே, வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்பதுதான். அந்தப் பாதியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது, எண்ணைத் தவிர வேறு காரணம் ஒன்று குழுவினருக்குத் தேவைப்படுகிறது. வாழ்க்கை அனுபவமும் சாதனையும் அங்கேதான் பேசத் தொடங்குகின்றன. இதற்கு நேர் எதிரான இடம் ஒன்றும் உண்டு. யேல், ஹார்வர்ட் போன்ற கல்லூரிகளில் நடு எல்சாட் மதிப்பெண் 170-ஐத் தாண்டி நிற்கிறது. விண்ணப்பிப்பவர்களில் மிகப் பலரும் அந்த உயரத்திலேயே இருப்பதால், எண்ணைக் கொண்டு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க முடியாமல் போய், அங்கும் அனுபவமே தீர்மானிக்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் வெளியே, அதாவது எல்சாட், ஜிபிஏ ஆகிய இரு எண்களும் கீழ்க் கால் பங்குக்கும் கீழே இருக்கும் இடத்தில், எத்தனை சான்றிதழ்கள் அடுக்கினாலும் பெரும்பாலும் பயனில்லை. 163 என்ற எண் யேலில் அந்த மூன்றாம் வகையில் சேரும். ரட்கர்ஸ், சீட்டன் ஹால் போன்ற தங்கள் மாநிலக் கல்லூரிகளில் நிலைமை முற்றிலும் வேறு. ஜிபிஏவைப் பற்றியும் ஒரு சொல்: முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் நடு ஜிபிஏ 3.9-ஐ எட்டிவிட்டதால், 3.8 முன்போலப் பெரிய பலம் அன்று. எல்சாட்டை ஐந்தாண்டுகளுக்குள் ஐந்து முறை வரை எழுதலாம் என்பதால், இன்னும் ஒரு முறை முயல்வது எந்தத் தொண்டுச் சான்றிதழையும்விட அதிக பலன் தரும்.

அரங்கேற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன், வருந்த வேண்டாம். அது என்னவென்று அறியாதவருக்கு அது தன்விவரக் குறிப்பில் ஒரு வரி. அறிந்தவருக்கோ பெற்றோரின் வசதியைக் காட்டும் ஒரு வரி. மேலும் சட்டக் கல்லூரியினர் பார்க்க விரும்புவது கல்லூரிக் காலத்தையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும்தான். பதினைந்து வயதில் நடந்தது எவ்வளவு சிறப்பானதாயினும் பழங்கதையாகவே தோன்றும். அதற்குப் பிறகும் ஆட்டத்தை விடாமல், சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் சிறு பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்துவருகிறாள் என்றால், அது எழுதத்தக்கது. அதைவிட, நகர மன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டுப் பாருங்கள். வாடகை உயர்வைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவரின் தொலைபேசி அழைப்பை எடுத்து, நகர விதியைப் புரட்டிப் பார்த்து, அவருக்கு என்ன உரிமை உண்டு என்று தேடிச் சொன்ன ஒரே ஒரு பிற்பகல் இருந்தாலும், விண்ணப்பத்தோடு தரும், வழக்கமாக இரண்டு பக்கத்துக்கு மிகாத தன்னிலைக் கட்டுரைக்கு அது போதும்.

அவசரமும் வேண்டாம். ஹார்வர்டில் சேர்பவர்களில் பெரும்பான்மையினர் பட்டம் பெற்று ஓராண்டாவது கழித்து வருபவர்களே. நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி பணி அனுபவத்துக்குத் தனி மதிப்பளிப்பதில் பெயர் பெற்றது.

கேள்வி: என் பெற்றோர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். 2023-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விண்ணப்பக் கட்டுரையில் தமிழர் என்பதையோ அவர்கள் பட்ட துன்பத்தையோ எழுதக் கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எழுதலாமா?
- ஒரு மாணவர், நியூயார்க்

பதில்: எழுதலாம். 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில் வந்த அத்தீர்ப்பு, விண்ணப்பதாரரின் இனத்தையே காரணமாக்கி அவருக்குச் சலுகை தருவதைத்தான் தடுத்தது. இனம் தம் வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது என்று விண்ணப்பதாரரே எழுதுவதைக் கல்லூரிகள் கருத்தில் கொள்ளலாம் என்றும், ஆனால் அது அவருடைய குணத்தோடோ திறமையோடோ பொருந்தி நிற்க வேண்டும் என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அத்தீர்ப்பிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார். அதன் பிறகு விண்ணப்பதாரரின் வாழ்வனுபவத்தைக் கேட்கும் தனிக் கட்டுரைகளைப் பல கல்லூரிகள் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

எனக்குள்ள தயக்கம் வேறு. ஊரைவிட்டு ஓடிவந்த கதை உங்கள் அப்பாவுடையது, அம்மாவுடையது. அதை உருக்கமாக எழுதி முடித்தால், படிப்பவர் உங்கள் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள விரும்புவாரே ஒழிய உங்களை அல்ல. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு குடிவரவு அலுவலகத்தில் காத்திருந்து, அதிகாரி சொன்னதைத் தமிழிலும் அப்பா சொன்னதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொன்ன பிள்ளையாக நீங்கள் இருந்தால், உங்கள் கதை அந்த நாற்காலியிலிருந்து தொடங்கட்டும். ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தை அறிந்த பிள்ளைக்குச் சட்டம் ஏன் என்ற கேள்வியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பெற்றோரின் வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மீதி நீங்கள் செய்தவையாக இருக்கட்டும்.

கேள்வி: பி.இ. படிப்பில் இரண்டு அரியர், மொத்தம் 64 விழுக்காடு. ஆறாண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இப்போது எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். அமெரிக்காவில் சட்டப் பட்டமான ஜே.டி. படிக்க ஆசை. அனுபவம் மதிப்பெண்ணை ஈடுகட்டுமா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் நிலை நீங்கள் அஞ்சுவதைவிடச் சற்று மேலானது. எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பு, இந்தியப் பட்டங்களை 4.0 அளவுக்கு மாற்றி எண் தருவதில்லை; சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று சொல்லால் மதிப்பிட்டே கல்லூரிக்கு அனுப்புகிறது. கல்லூரி வெளியிட வேண்டிய நடு ஜிபிஏ கணக்கிலும் உங்கள் பட்டம் சேராது. ஆகவே உங்களைச் சேர்ப்பதால் அந்த எண் சரியும் என்ற கவலை குழுவினருக்கு இல்லை. ஆனால் எண்ணால் உங்கள் திறமையைக் காட்டும் சுமை முழுவதும் எல்சாட்டின் தலையில் ஏறிவிடுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் அத்தேர்வில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, தருக்கமும் வாசிப்புத் திறனும் மட்டுமே மதிப்பெண்ணுக்குரியவையாக உள்ளன. ஆங்கிலத்தில் நெடிய பத்திகளைப் படித்துப் பழகாத பொறியாளருக்கு இது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாண்டு அனுபவம் அரியரை அழிக்காது. ஆனால் அரியர் வைத்த இருபது வயது இளைஞரையும் இன்று விண்ணப்பிப்பவரையும் வேறு வேறு ஆள்களாகப் பார்க்க வைக்கும். அதற்கு, குழுவை நடத்தினேன் என்று எழுதினால் போதாது. வாடிக்கையாளரோடு ஒப்பந்த வாசகத்தில் தகராறு வந்ததா, அடுத்தவர் எழுதிய நிரலைப் பயன்படுத்துவதில் உரிமச் சிக்கல் எழுந்ததா, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். காப்புரிமைச் சட்டத்தில் நாட்டம் இருந்தால் பொறியியல் பட்டமே உங்கள் பெரிய சொத்து. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வழக்காடும் தகுதித் தேர்வை எழுதவே பொதுவாக அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பின்னணி வேண்டும். அரியருக்குக் காரணம் உண்டெனில் தனி விளக்கக் குறிப்பாக நான்கைந்து வரிகளில் சொல்லுங்கள். பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் வேலையை அன்றாடம் பார்த்த மேலாளரிடம் வாங்குங்கள். உங்களை நேரில் அறியாத துணைத் தலைவரின் கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: கல்லூரி விடுதியில், இருபத்தொரு வயது நிரம்பும் முன் மது வைத்திருந்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் பெற்றேன். அதைச் சொன்னால் என் மற்ற சாதனைகள் வீணாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாதவர், டெக்சாஸ்

பதில்: சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இத்தகைய விண்ணப்பங்களைச் சேர்க்கைக் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கின்றனர். மறைத்தால்தான் வினை. பின்னாளில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது மாநில வாரியம் நன்னடத்தை விசாரணை நடத்தும். அப்போது உங்கள் பழைய விண்ணப்பத்தைப் பார்க்க நேர்ந்து, சொல்லாமல் விட்டது தெரியவந்தால், ஒரு புட்டி பீர் பொய் சொன்ன குற்றமாக வளர்ந்துவிடும். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி கேட்பதில்லை: சில கல்லூரிகள் தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் கேட்கும், சில கல்லூரிகள், பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும், புகார் எழுந்ததுண்டா என்று கேட்கும். ஆகவே முதலில் மாணவர் நல அலுவலகத்தில் உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதன் நகலை வாங்குங்கள். அதை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியின் கேள்வியையும் தனித்தனியே படித்து, தேதியும் நிகழ்வும் அந்தப் பதிவோடு ஒத்துப்போகும்படி விடை எழுதுங்கள்.