வேலிக்கு வைத்த மரம்

கேள்வி: பரமக்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஆடு மாடு நுழையாமல் இருக்க மாமனார் வரப்போரம் வளர்த்த சீமைக்கருவேலம் பாதி நிலத்தை வளைத்துவிட்டது. 'வேலியே பயிரை மேய்ந்த கதை' என்று சொல்லிவிட்டேன், வீட்டில் ஒரே சண்டை. கொழுந்தனார் மரத்தை வெட்டி விற்கலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: சகோதரி, உங்கள் மாமனாருக்கு ஏன் வலித்தது என்று எனக்குப் புரிகிறது. காக்க வேண்டியவனே களவாடினால் சொல்கிற பழமொழி அது. அவர் செய்தது அதுவல்ல, பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்த கதை. நல்ல மனதோடு கொடுத்த வரம்தான், கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாமல் சிவனே ஓட வேண்டியதாயிற்று இல்லையா? இந்த மரமும் அப்படித்தான். மெக்சிகோ பக்கத்து மரம், 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது, விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நாம்தான் வளர்த்தோம், 'வேலிக்காத்தான்' என்று செல்லப் பெயரும் வைத்தோம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொல்லியும் இன்னும் நிற்கிறது. உங்கள் மாமனார் ஒருவர் மேல் எப்படிப் பழி போடுவது? இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். விற்கலாம், தாராளமாக. ஆனால் வியாபாரி தரையோடு வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டால், ஒரு மழைக்கு அந்தத் தூரிலிருந்து நாலைந்து கிளை வெடித்து முன்னைவிடப் புதராக நிற்கும். அதனால் தூரோடு எடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தூரும் நல்ல கரியாகும் என்பதால் மூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஜேசிபி செலவில் ஒரு பங்காவது அதில் வந்துவிடும்.

அப்புறம் ஆடுகள். நெற்று இனிப்பாக இருப்பதால் விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும், போன இடமெல்லாம் விதைத்துவிட்டு வரும். நெற்று உதிரும் காலத்தில் அவற்றை நிலத்துக்குள் விடாதீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு விரல் உயரக் கன்றைப் பிடுங்கிப் பாருங்கள், மேலே தெரிவதைவிட வேர் நீளமாக வரும். மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கினால்தான் அது முழுசாக வரும், இரண்டு மூன்று மழைக்காலமாவது விடாமல் செய்யுங்கள். முதல் வருஷமே உழுது ஏதாவது விதைத்துவிடுங்கள், நிலத்தைச் சும்மா போட்டால் அது திரும்பவும் வந்துவிடும்.