ஊசி குத்தினால் பரவிவிடுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 48 வயது, மார்பில் கட்டி. கோவையில் பயாப்சி எடுத்தோம். 'ஈஆர் 90%, பிஆர் 60%, ஹெர்2 2+, கேஐ-67 25%' என்று ரிப்போர்ட். ஊசி குத்திவிட்டார்கள், இனி எலும்பு வரைக்கும் பரவும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. நிஜமா? சிகிச்சையைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மணி, நானும் சித்தூர் தாலுகாக்காரன்தான். இந்த ஊசிக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பயாப்சி ஊசியால் நோய் எலும்புக்குப் போவதில்லை. பயந்துகொண்டு நாள் கடத்துவதுதான் ஆபத்து.

ரத்தத்தில் இறங்கும் புற்றணுக்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவையும் எல்லா இடத்திலும் வேர்விடுவதில்லை. 1889-லேயே லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை மட்டும் போதாது, மண்ணும் ஒத்துவர வேண்டும் என்று எழுதினார். எலும்பு அப்படியொரு மண். அங்கே போய்ச் சேரும் புற்றணு, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் இருக்கும் வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வந்து புற்றணுவுக்கே தீனியாகின்றன. மார்பிலும் இதே கூத்துதான். நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்களையே கட்டி தன் பக்கம் இழுத்து, ரத்தக் குழாய்க்குள் நுழைய வழி செய்துகொள்கிறது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஈஆர், பிஆர் என்பவை பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்; எத்தனை சதவீதப் புற்றணுக்களில் அவை இருக்கின்றன என்பதுதான் அந்த எண். ஈஆர் 90 நல்ல செய்தி. ஹார்மோனுக்கு எதிரான மாத்திரை வேலை செய்யும். ஆனால் இந்த வகை ஐந்து, பத்து வருடம் கழித்தும் தலைகாட்டலாம், பெரும்பாலும் எலும்பில். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அக்கா மாத்திரையை நடுவில் நிறுத்த விடாதீர்கள். மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தேர்வு செய்வதே அதை வைத்துத்தான். கேஐ-67 பெருகும் செல்களின் கணக்கு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஹெர்2 2+ பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஹெர்2 என்பது செல்லின் மேல்பரப்பில் இருந்து அதை வளரத் தூண்டும் ஒரு புரதம். சாயம் போட்டுப் பார்க்கும்போது செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் கெட்டியாக இருந்தால் 3+. உங்கள் அக்காவுக்கு அது மங்கலாக இருக்கிறது. ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபிஷ் என்ற டெஸ்டில் ஜீனையே எண்ணிப் பார்த்துத்தான் முடிவு தெரியும். பாசிட்டிவ் என்றால் ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து ஊசியும் சிகிச்சையில் சேரும். கீமோ பற்றிப் பேசும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

திருவனந்தபுரம் ஆர்சிசிக்கு (ரீஜனல் கேன்சர் சென்டர்) தாராளமாகப் போகலாம். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. கோவை லேபில் கேட்டு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் என்பது நம்பர் எழுதிய சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும் மெழுகுத் துண்டு, அக்காவின் திசு அதற்குள்தான் இருக்கிறது. பாலக்காட்டு வெயிலில் கார் கண்ணாடி ஓரமாக வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.