எட்டுக் கட்டத்துக்குள் ‘ண’ அடங்குமா?

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடோ 4 மென்பொருளில், பழைய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரம்) பாணியில் ஒரு சிறு விளையாட்டு செய்துவருகிறேன். தலைப்பு, மதிப்பெண், உரையாடல் எல்லாவற்றுக்கும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துருவைப் போட்டிருக்கிறேன். அளவு 20. எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. தமிழ்ச் சொற்களோ வழவழவென்று வேறு ஏதோ எழுத்துருவில் வருகின்றன. அந்தத் தடித்த பழைய தோற்றம் தமிழிலும் வர என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கலங்கல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த எழுத்துரு 8 பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) கட்டத்தில் வரையப்பட்டது. 20 என்று கொடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் இரண்டரைப் பிக்சல் கிடைக்கிறது. அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால்தான் மழுப்பல். 8, 16, 24, 32 என எட்டின் மடங்குகளை மட்டும் கொடுங்கள். கோடோவின் இறக்குமதிப் பகுதியில், எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கியும் சற்று நகர்த்தியும் காட்டும் வசதிகளான ஆன்டி-அலையாஸிங், ஹின்டிங், சப்பிக்சல் மூன்றையும் அணைத்துவிட்டு மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

இனி, தடிமன். நீங்கள் விரும்பும் அந்த எழுத்தின் குடும்பம் 1976-இல் வந்த ‘குவிஸ் ஷோ’ ஆர்கேட் இயந்திரத்தில் தொடங்குகிறது. பிறகு நாம்கோ நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு ‘பேக்-மேன்’ உட்படப் பல விளையாட்டுகளில் பயன்படுத்தியது. அதன் ஆங்கில ‘ஏ’ (A) எழுத்தைக் கட்டத்தாளில் வரைந்து பாருங்கள். முதல் வரியில் நடுவே மூன்று புள்ளிகள். அடுத்த வரியில் இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, இரண்டு புள்ளி. பிறகு இரண்டு வரிகளில் இருபுறமும் இரண்டிரண்டு, நடுவில் மூன்று காலி. ஐந்தாவது வரியில் ஏழும் நிரம்பும். கடைசி இரண்டு வரிகள் மீண்டும் இரண்டிரண்டு. வலப்பக்க வரிசையும் அடிவரிசையும் எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளிக்காக விடப்பட்டவை. வரிக்கு ஒரு பைட்டாக எட்டே பைட்டுகளில் முடிந்துபோகும் வேலை, எவ்வளவு அழகு!

இதில் கவனிக்கவேண்டியது, நின்ற கோடு இரண்டு புள்ளி, படுத்த கோடு ஒரு புள்ளி. பழைய குழாய்த் திரையில் படம் இடமிருந்து வலமாக வரையப்படும்போது ஒற்றைப் புள்ளி மங்கிப்போகும். இரண்டாக இருந்தால் நிலைக்கும். ஆகவே இந்தத் தடிமன் வரையும்போதே வைத்தது. மென்பொருளில் உள்ள தடிமன் கூட்டும் வசதியைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது எல்லாப் பக்கமும் ஊதவைத்து உள்ளே இருக்கும் ஓட்டையை அடைத்துவிடும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நீங்கள் வைத்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதனால் கோடோ உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. வழவழப்புக்குக் காரணம் அதுதான்.

தமிழை எட்டுக் கட்டத்தில் அடைக்க முயலாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வரைந்து பார்த்ததில் நின்ற கோடுகள் மட்டும் ஐந்து வந்தன. நடுவே நான்கு இடைவெளிகள். ஒற்றைப் புள்ளியில் வரைந்தாலே ஒன்பது ஆகிவிடுகிறது. இரட்டைப் புள்ளியில் தடித்தால் பதினான்கு. எட்டுக்குள் அடைத்தால் ஒரு சுழி போகும், ‘ண’ ‘ன’ ஆகிவிடும். சொல்லே மாறிவிடும், அதை நாம் அனுமதிக்கக் கூடாது.

உயரத்துக்கு 16 எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் உடலுக்கு நடுவில் எட்டு, மெய்ப்புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் மேலே நான்கு, உகரச் சுழிகளுக்குக் கீழே நான்கு. அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாறவிடுங்கள். ‘ர’வும் ‘ண’வும் ஒரே அகலத்தில் நின்றால் இரண்டுமே கெடும்.

247 எழுத்து என்று மலைக்கவேண்டாம். உயிர் 12, ஆய்தம், மெய்யுரு 18, உகர ஊகார வடிவங்கள் 36, துணையெழுத்துகளும் புள்ளியும் ஏழு, தனியே ‘டி’, ‘டீ’. கிரந்தம் நீங்கலாக எண்பதுக்குள் அடங்கிவிடும். எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் ‘க’வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ வடிவம் வரவேண்டும் என்ற பதிலீட்டு விதிகளை எழுதவேண்டும். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதை கோடோ பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் உரையாடலுக்குத்தான். அதை ஒற்றைப் புள்ளிக் கோட்டிலேயே வரையுங்கள். பத்து வரி உரையாடலைத் தடித்த எழுத்தில் படிப்பது கண்ணுக்குச் சித்திரவதை. ஆங்கிலத்துக்கும் இதே யோசனைதான். தடிமனை விளையாட்டின் பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் ‘ஆட்டம் முடிந்தது’ போன்ற அறிவிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு எழுத்துருவே தேவையில்லை. அந்த நாலைந்து எழுத்துகளை இரட்டைப் புள்ளியில் படமாகவே வரைந்துவிடுங்கள். ஆனால் புள்ளியின் அளவு திரை முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். தலைப்பில் பெரிய புள்ளி, கீழே சிறிய புள்ளி என்றால் பழைய தோற்றம் உடனே கலைந்துவிடும்.

விளையாட்டைப் பின்னால் விற்க நினைத்தாலும் பிரஸ் ஸ்டார்ட் 2பி-யைத் தாராளமாகச் சேர்க்கலாம். அதன் திறந்த எழுத்துரு உரிமம் அதற்கு இடம் தருகிறது; உரிமக் கோப்பையும் கூடவே வைத்துவிடுங்கள்.

இன்று இரவே கட்டத்தாளை எடுத்து ‘ண’, ‘ஞ’, ‘ணூ’ மூன்றையும் வரையுங்கள். இவை தெளிவாக நின்றுவிட்டால் மற்றவற்றுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ‘ணூ’ வரவில்லையென்றால் உயரத்தை 18 ஆக்கிக்கொள்ளுங்கள், சுழியை மட்டும் நசுக்கவேண்டாம்.