மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து அரைவல் கார்டு: குமரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு டிக்கெட் எடுப்பதும் படிவங்களைச் சரிபார்ப்பதும் என் தொழில். ஒரு நாட்டுக்குள் நுழையும் முன் நம் பயண விவரங்களை இணையத்தில் நிரப்பிக் கொடுக்கும் படிவமான அரைவல் கார்டு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். விசா கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்பதெல்லாம் என் துறை இல்லை.

தக்கலை: அண்ணாச்சி, குடும்பத்தோடு கோலாலம்பூர் போகிறோம். இரண்டு பிள்ளைகள், ஒன்று கைக்குழந்தை. படிவத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தளம் காசு கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். மலேசியாவின் எம்டிஏசி, சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, தாய்லாந்தின் டிடிஏசி மூன்றும் இலவசம். கூகுளில் தேடும்போது மேலே விளம்பரமாக வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். கொடி, முத்திரை எல்லாம் அரசுத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். மலேசியாவுக்கு ஜிஓவி டாட் எம்ஒய், சிங்கப்பூருக்கு ஜிஓவி டாட் எஸ்ஜி, தாய்லாந்துக்கு ஜிஓ டாட் டிஎச். வேறு எதில் முடிந்தாலும் மூடிவிடுங்கள். போன காசைவிட எனக்குப் பெரிய கவலை, குடும்பம் மொத்தத்தின் பாஸ்போர்ட் விவரமும் முகம் தெரியாத ஒருவனிடம் போய்ச் சேர்வதுதான். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும்.

மார்த்தாண்டம்: பயணம் அடுத்த மாதம். பிரவுசிங் சென்டரில் இப்போதே போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். முடித்து வைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். மூன்று நாடுகளுக்குமே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு இறங்கும் நாளையும் சேர்த்தே மூன்று. ஒரு மாதம் முன்பே படிவத்தை வாங்கிக்கொள்ளும் தளம் என்றால் அதைச் சந்தேகப்படுங்கள்.

நாகர்கோவில், வடசேரி: திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து கோலாலம்பூர். கிளம்புவது ஒரு தேதி, இறங்குவது மறுநாள். எந்தத் தேதி, எந்த விமான எண் போடுவது?

நல்ல கேள்வி. அதிகம் பேர் சறுக்கும் இடமும் இதுதான். அரைவல் கார்டில் கேட்பது நீங்கள் அந்த நாட்டு மண்ணில் இறங்கும் தேதி. இரவு பதினொன்றரைக்கு இங்கே ஏறினால் அங்கே விடிந்துதான் இறங்குவீர்கள், ஆகவே மறுநாள் தேதி. மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். அதனால் நம் கணக்கில் நள்ளிரவுக்குச் சற்று முன் இறங்கினாலும் அங்கே தேதி மாறியிருக்கும். டிக்கெட்டில் வருகை நேரம் அந்த ஊர் நேரப்படியே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதினால் குழப்பம் இல்லை.

விமான எண், கடைசியாக உங்களைக் கொண்டுபோய் இறக்கும் விமானத்தின் எண். உங்களுக்குக் கொழும்பிலிருந்து கிளம்பும் விமானம். கடைசியாக ஏறிய இடம் என்று கேட்டால் இலங்கை என்றுதான் வரும், இந்தியா என்று போடக்கூடாது. அங்கிருந்து திரும்பும் தேதியையும் கேட்கும். அதற்கு ரிட்டர்ன் டிக்கெட்டைப் பாருங்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

குலசேகரம்: பாஸ்போர்ட்டில் சர்நேம், அதாவது குடும்பப் பேர்க் கட்டம் காலி. என் பேரும் அப்பா பேரும் கிவன் நேம் என்ற சொந்தப் பேர்க் கட்டத்தில் சேர்ந்து கிடக்கிறது. ஆதாரில் இனிஷியல். படிவத்தில் எப்படி எழுதுவது?

ஆதாரை எடுத்து உள்ளே வையுங்கள். பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் உள்ள அதே எழுத்து, அதே வரிசை. மலேசியா, சிங்கப்பூர் படிவங்களில் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் என்பதால் சிக்கல் குறைவு. தாய்லாந்துப் படிவம்தான் பெயரைப் பிரித்துக் கேட்கும். அங்கே பாஸ்போர்ட்டின் கிவன் நேம் முழுவதையும் முதல் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். சர்நேமுக்காக இல்லாத ஒன்றை உண்டாக்காதீர்கள்.

கருங்கல்: அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி. என் தம்பி அப்பா பேரைப் பிரித்து சர்நேமில் போட்டுத்தான் போனான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது தம்பியின் நல்ல நேரம், அது விதி ஆகாது. அதிகாரி பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைக்கிறார். அதில் வருவதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையை விட்டு வந்து மறுபடி நிரப்பச் சொல்லலாம். கைக்குழந்தையோடு போகும் தக்கலைக்காரர் அங்கே நின்று ஏன் அவதிப்பட வேண்டும்?

களியக்காவிளை: டிக்கெட் எடுக்கும்போது சர்நேம் இல்லாமல் தளம் நகரவே மாட்டேன் என்கிறதே. பேரை இரண்டு தடவை அடித்தேன். இப்போது டிக்கெட்டில் ஒன்று, படிவத்தில் ஒன்று ஆகாதா?

டிக்கெட் விமானக் கம்பெனியின் காரியம். சர்நேம் இல்லாதவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனி வழி வைத்திருக்கும், அவர்களிடமே கேளுங்கள். அரைவல் கார்டைப் பார்ப்பவர் குடிவரவு அதிகாரி. அவருக்கு அளவுகோல் பாஸ்போர்ட் மட்டும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

திங்கள்சந்தை: பாஸ்போர்ட்டில் அப்பா பேர், டிக்கெட்டில் வீட்டுக்காரர் பேர். தப்பா அண்ணே?

டிக்கெட்டில் தப்பு அக்கா, இன்றே கம்பெனியைக் கூப்பிட்டுத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் தப்பே இல்லை. கல்யாணம் ஆனதும் பேரை மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் கிடையாது. படிவத்தில் அப்பா பேர்தான்.

கருங்கல்: அப்படியானால் எல்லாரும் சர்நேமைக் காலியாகவே விட்டுவிடலாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 2022 நவம்பரில் அமீரகம் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தார்கள். அப்புறம், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் எத்தனை குடும்பங்கள் பதறின! படிவத்தில் கை வைக்காதீர்கள், பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறேன். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது மதுரை அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பத்திலேயே கிவன் நேம், சர்நேம் என்று பிரித்துக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் புதிதாக எடுப்பவர்கள் இப்போதே செய்துவிடுங்கள்.

குளச்சல்: அப்பா பேர் எப்படிக் குடும்பப் பேர் ஆகும்? நம் வழக்கத்தை ஏன் வெளிநாட்டுக் கட்டத்துக்காக மாற்ற வேண்டும்?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நியாயமும்கூட. வழக்கம் வீட்டில், பள்ளிக்கூடத்தில், கல்யாண அழைப்பிதழில் அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதால் எல்லைக்கு எல்லை நம்மவர் மட்டும் ஓரமாக நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அப்பா பேரை அங்கே வைப்பதால் அப்பாவுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. இது என் கருத்து. உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் காலியாகவே வைத்துக்கொள்ளுங்கள், படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள்.

இரணியல்: என் பேரிலும் சர்நேம் இல்லை…

மேலே குலசேகரத்துக்குச் சொன்னதுதான். பெயர் பற்றி இதோடு போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

குளச்சல், இன்னொருவர்: கடல் தொழில் செய்கிறேன். தாய்லாந்துப் படிவத்தில் தொழில் கேட்கிறது. மீனவர் என்று போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிசினஸ் என்று போடு என்கிறார் ஒருவர்.

மீனவர் என்றே போடுங்கள் அண்ணே. உங்கள் தொழிலில் மறைக்க என்ன இருக்கிறது? கவுன்டரில் என்ன பிசினஸ், கடை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எழுதியதும் வாயில் வருவதும் ஒத்துப்போகாதபோதுதான் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் மூன்றும் கையில் இருக்கட்டும். பொய்யாக நிரப்பச் சொல்கிறவர் உங்களோடு கவுன்டருக்கு வரப்போவதில்லை.

அருமனை: மலேசியாவில் ஓட்டல் வேலை. இப்போது விசிட்டில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட். படிவத்தில் டூரிஸ்ட் என்று போடலாமா?

இதற்குப் படிவம் நிரப்பித் தர மாட்டேன், நீங்களும் போக வேண்டாம் தம்பி. விசிட்டில் போய் வேலை செய்து பிடிபட்டால் முதலில் சிறை, பிறகுதான் ஊர். அந்த ஏஜெண்டுக்கு இமைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். திருவனந்தபுரத்திலேயே புலம்பெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

கொட்டாரம்: சிங்கப்பூரில் மகள் வீடு. அங்கிருந்து பஸ்ஸில் ஜொகூர் பாரு போய் மறுநாள் திரும்புவோம். ஒரு படிவம் போதுமா?

போதாது அம்மா. சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் புது அரைவல் கார்டு, பாலத்தில் போய்த் திரும்பினாலும்தான். ஜொகூருக்குள் போக மலேசியாவின் எம்டிஏசி தனி, அதில் பயண வழி தரை மார்க்கம். அரைவல் கார்டு விசா ஆகாது. உங்கள் சிங்கப்பூர் விசாவில் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்று முதலில் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கும் இடத்துக்கு ‘மகள் வீடு’ என்று எழுதாமல் பிளாக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் எழுத வேண்டும்.

வெள்ளிச்சந்தை: கோலாலம்பூர் வழியாகத்தான் போகிறேன், வெளியே வர மாட்டேன். எம்டிஏசி வேண்டுமா?

குடிவரவைக் கடக்காமல் உள்ளேயே மாறினால் வேண்டாம். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட்டா? முதல் விமானம் டெர்மினல் 2, அடுத்தது டெர்மினல் 1 என்றால் வெளியே வந்துதான் மாற வேண்டும், பெட்டியையும் எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் எம்டிஏசி கட்டாயம். டிக்கெட்டில் டெர்மினலைப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி: நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஐடிஎன் என்று வந்தது. இந்தியாதானே?

இந்தோனேசியா. நமக்கு ஐஎன்டி. உடனே திருத்துங்கள். பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு தடவை பாருங்கள். முதலில் ஆங்கில எழுத்து, பிறகு எண்கள். பூஜ்யம் வரும் இடத்தில் ஓ என்ற எழுத்தை அடிப்பவர்கள் அதிகம். கடைசிப் பக்கத்தில் இருக்கும் கோப்பு எண்ணைப் பாஸ்போர்ட் எண் என்று எழுதுபவர்களும் உண்டு.

பூதப்பாண்டி: இலங்கைக்கு?

அது வேறு முறை, வேறு தளம். இங்கே வேண்டாம்.

குழித்துறை: ஒரு தளத்தில் காசு கட்டிவிட்டேன், உறுதிச் சீட்டும் வந்துவிட்டது. அது செல்லுமா?

காசு கேட்டால் மூடுங்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேனே. சரி, ஆனது ஆகிவிட்டது. அந்தச் சீட்டை நம்பிப் போகாதீர்கள். அரசுத் தளத்தில் இலவசமாக மறுபடி நிரப்புங்கள். வங்கிக் கார்டு கொடுத்துக் கட்டியிருந்தால் வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தேங்காப்பட்டணம்: அவசரம் அண்ணாச்சி. இன்று இரவு கோலாலம்பூர் விமானம், காரில் ஏறிவிட்டோம். மெயில் முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேன், எதுவும் வரவில்லை.

பதற வேண்டாம், போனிலேயே செய்யலாம். அரசுத் தளத்தைத் திறந்து சரியான மெயிலோடு புதிதாக ஒன்று அனுப்புங்கள். தேதி நாளைய தேதி, மறக்காதீர்கள். வந்த சீட்டைப் போனில் படமாகச் சேமியுங்கள், அங்கே இறங்கியதும் நெட் கிடைக்காமல் போகலாம். நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.